சிறுவனின் வாரத்தைக் கூட்டிப் பார்ப்பது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இளம் கால்பந்து வீரர்களைப் பற்றி வரும் செய்திகளில் ஒரு பாராட்டு அடிக்கடி கண்ணில் படுகிறது. இந்தச் சிறுவன் வாரத்தின் ஏழு நாளும் மைதானத்தில்தான் இருக்கிறான், பள்ளி அணிக்கும் ஆடுகிறான், கிளப் அணிக்கும் ஆடுகிறான், ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வெடுப்பதில்லை என்பது அந்தப் பாராட்டு. எழுதுபவரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால், 16 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றின் மேலாளராக ஒன்பது ஆண்டுகளாகப் பயிற்சிக் குறிப்பேடு எழுதிவருபவன் என்ற முறையில், அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. அந்த ஏழு நாள்களையும் யாராவது ஒருவர் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தாரா? நான் அறிந்தவரையில் பெரும்பாலும் இல்லை என்பதே பதில். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பயிற்சிச் சுமையை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது இத்துறையில் உள்ளவர்களின் வழக்கம். வீரர் எவ்வளவு தூரம் ஓடினார், எத்தனை முறை விரைந்து பாய்ந்தார், எத்தனை முறை சட்டென நின்று திரும்பினார் என்பவை புறச்சுமை. அந்த வேலையைச் செய்து முடிக்க அவருடைய இதயமும் தசைகளும் மனமும் எவ்வளவு பாடுபட்டன என்பது அகச்சுமை. ஒரே பயிற்சியை ஒரே நேரம் செய்த இரண்டு சிறுவர்களில், முந்தைய இரவு நன்றாக உறங்கியவனுக்கு அது லேசாக இருக்கும். தேர்வுக்காகக் கண்விழித்தவனுக்கு அதே பயிற்சி மலையாகத் தெரியும். ஜிபிஎஸ் கருவி பொருத்திய மேலங்கி புறச்சுமையைத் துல்லியமாகக் காட்டும். ஆட்டத்தின்போதே இத்தகைய கருவிகளை அணிந்துகொள்ள 2015-இல் அனுமதி கிடைத்த பிறகு பெரிய அணிகளில் அது சாதாரணமாகிவிட்டது. இளையோர் அணிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கருவி எட்டாக்கனி. எட்டினாலும், பையனின் உடலுக்குள் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது.

அதை அறியக் காசு செலவில்லாத வழி ஒன்று பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஒருவர் தம்முடைய உழைப்பு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று உணர்வதை எண்ணால் சொல்லவைக்கும் அளவுகோலை ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்தார். அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் அதைப் பயிற்சிக் களத்துக்கு ஏற்றபடி எளிமையாக்கினார். பயிற்சி முடிந்து ஏறக்குறைய அரைமணி நேரம் கழித்து, 'இன்று எவ்வளவு கஷ்டமாக இருந்தது?' என்று கேட்டு 0 முதல் 10 வரையிலான ஓர் எண்ணைப் பெற வேண்டும்; அதைப் பயிற்சி நீடித்த நிமிடங்களால் பெருக்க வேண்டும். 90 நிமிடப் பயிற்சிக்கு அவன் 6 என்று சொன்னால் அன்றைய சுமை 540. அவ்வளவுதான் கணக்கு. இத்தாலிய ஆய்வாளர் பிராங்கோ இம்பெல்லிசெரியும் அவருடைய குழுவினரும் 2004-இல் 19 இளம் கால்பந்து வீரர்களைக் கொண்டு இம்முறையைச் சோதித்து, இதயத்துடிப்பை வைத்துக் கணக்கிடும் முறைகளோடு இது ஒத்துப்போவதைக் காட்டினார்கள். ஒரு நோட்டும் பேனாவும் இருக்கும் எந்த அணியும் நாளையே இதைத் தொடங்கலாம்.

இனி, என் குறிப்பேட்டிலிருந்து ஒரு வாரத்தை அப்படியே எடுத்துக் காட்டுகிறேன். பையனுக்கு வயது 14. திங்கள்கிழமை பள்ளி அணியில் 60 நிமிடம், அவன் சொன்ன எண் 5, சுமை 300. செவ்வாய் கிளப் அணியில் 90 நிமிடம், எண் 6, சுமை 540. புதன் மறுபடியும் பள்ளி, 300. வியாழன் கிளப், 90 நிமிடம், எண் 7, சுமை 630. வெள்ளிக்கிழமை பள்ளிகளுக்கிடையிலான ஆட்டம், 60 நிமிடம், எண் 8, சுமை 480. சனிக்கிழமை தனிப் பயிற்சியாளரிடம் 60 நிமிடம், எண் 6, சுமை 360. ஞாயிறு கிளப் ஆட்டம், 80 நிமிடம், எண் 9, சுமை 720. மொத்தம் 3,330.

இந்த எண்ணை அந்த மூன்று பயிற்சியாளர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. பள்ளிப் பயிற்சியாளரின் கணக்கில் அந்த வாரம் 1,080 மட்டுமே. கிளப் பயிற்சியாளரின் கணக்கில் 1,890. வாரத்தில் இரண்டு பயிற்சி, ஓர் ஆட்டம், நடுவே நல்ல இடைவெளி என்று அவர் நிம்மதியாக இருந்தார். தனிப் பயிற்சியாளருக்கு அது 360. வாரம் ஒரே ஒரு மணி நேரம்தானே என்பது அவர் எண்ணம். அந்த வாரச் சுமையைப் பொறுத்தவரை மூவரும் தத்தம் அளவில் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். தனித்தனிக் கணக்கில் குறை சொல்ல ஒருவரும் இல்லாத இடத்தில்தான் ஒரு பையனின் முழங்கால் கெட்டது. அந்தப் பையன் என் அக்காள் மகன் என்பதையும், அன்று எனக்குக் கிளப்பின் பக்கங்களை மட்டுமே நிரப்பத் தெரிந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டு அணிகளின் எண்களைப் பின்னர் அவனிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியபோதுதான் 3,330 என்ற எண் முதன்முறையாகத் தாளில் வந்தது.

மணிக்கணக்கை மட்டும் பார்த்திருந்தால்கூட இது பிடிபட்டிருக்காது. வாரத்தில் எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்பதற்கு, வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்லும் எளிய வரம்பு ஒன்று உண்டு. 2015-இல் வெளியான நீரு ஜெயந்தி குழுவினரின் அமெரிக்க ஆய்வில், அந்த வரம்பைத் தாண்டிய சிறுவர்களிடம் மிகைப்பயன்பாட்டால், அதாவது ஆற நேரமின்றி ஒரே உறுப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால், வரும் கடுமையான காயங்கள் அதிகமாகக் காணப்பட்டன. என் மருமகனின் அந்த வாரம் 500 நிமிடங்கள், அதாவது எட்டு மணி இருபது நிமிடம். 14 மணி என்ற வரம்புக்கு வெகு கீழே. ஆனால் அதில் ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை, கடினமான நாளுக்கும் லேசான நாளுக்கும் போதிய ஏற்ற இறக்கமும் இல்லை.

இந்த ஏற்ற இறக்கத்தையும் அளக்க ஃபாஸ்டர் வழி சொல்லியிருக்கிறார். வாரத்தின் சராசரி நாள் சுமையை, அந்த ஏழு எண்களின் திட்ட விலக்கத்தால் (அவை சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவால்) வகுத்தால் கிடைப்பதை ஒருசீர்மை என்று சொல்லலாம். நாள்கள் ஒன்றுபோலவே இருந்தால் அது உயரும். ஓய்வும் உழைப்பும் மாறி மாறி வந்தால் தாழும். அது 2-ஐத் தாண்டி உயர்ந்து, சுமையும் கூடவே உயரும்போது உடல்நலக் குறைவு அதிகம் வருவதை அவர் கவனித்தார். மேலே சொன்ன வாரத்தில் அது ஏறக்குறைய 3. திங்கள்கிழமைப் பள்ளிப் பயிற்சியையும் சனிக்கிழமைத் தனிப் பயிற்சியையும் எடுத்துவிட்டு அதே வாரத்தை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தேன். மொத்தச் சுமை 2,670 ஆகிறது; ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. ஒருசீர்மையோ ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எந்த ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்காமல், எந்த அணியையும் துறக்காமல், இரண்டு நாளை விடுவித்தாலே ஒரு வாரத்தின் முகம் இவ்வளவு மாறும் என்பதை அந்தக் கூட்டல் எனக்குக் காட்டியது. மூன்று பயிற்சியாளர்களும் ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்கும்.

முழங்கால் எப்படிக் கெட்டது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது ஒரே நாளில் நேரவில்லை. முதலில் நான் கவனித்தது பூட்ஸ் லேஸ் கட்டும் விதத்தை. எல்லாப் பையன்களும் புல்தரையில் ஒரு முழங்காலை ஊன்றி லேஸ் கட்டும்போது, இவன் மட்டும் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக் குனிந்து கட்டினான். கேட்டதற்கு, "வலியெல்லாம் ஒன்றுமில்லை மாமா" என்றான். இரண்டு வாரம் கழித்து, முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் முகப்பில் ஒரு புடைப்பு. தொட்டாலே முகம் சுளித்தான். தேர்வுப் போட்டிகள் நெருங்கியிருந்தன. அவனுடைய பயிற்சியாளர்களில் ஒருவர், வளரும் பிள்ளைக்கு இப்படி வலி வரத்தான் செய்யும், ஆடினால் சரியாகிவிடும் என்று சொல்லி அவனை மேலும் மூன்று ஆட்டங்களில் இறக்கினார். மூன்றாவது ஆட்டத்தில் அவன் நடந்தே வெளியே வந்தான், ஆனால் அதன் பிறகு நான்கு மாதம் பந்தைத் தொடவில்லை.

மருத்துவர் சொன்ன பெயர் ஆஸ்குட்-ஷ்லாட்டர். 1903-இல் இதைத் தனித்தனியே விவரித்த அமெரிக்கரும் சுவிட்சர்லாந்துக்காரருமான இரு மருத்துவர்களின் பெயர்களைச் சேர்த்து வைத்தது அது. தொடையின் முன்தசை முழங்கால் சில்லைக் கடந்து, தடித்த தசைநாணாகத் கணைக்கால் எலும்பின் முகப்பைப் பற்றிக்கொள்கிறது. வளரும் வயதில் அந்த முகப்பு இன்னும் முழு எலும்பாக இறுகாமல் குருத்தெலும்பாக இருக்கிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் பந்தை உதைக்கும்போதும் தசை அந்த இடத்தை இழுக்கிறது. இழுவைக்கும் இழுவைக்கும் நடுவே ஆறுவதற்கு நேரமில்லாவிட்டால் அந்த இடம் புண்பட்டுப் புடைக்கிறது. இன்னும் சிறிய வயதில், குதிகாலில் இதே போன்ற இழுவையால் வருவது சீவர் நோய். இரண்டும் பெரும்பாலும் வளர்ச்சி முடிந்ததும் அடங்கிவிடுபவைதான். ஆனால் இடுப்புக்கு மேலே, கீழ் முதுகெலும்பில் வரும் அழுத்த முறிவை (தொடர்ந்த அழுத்தத்தால் எலும்பில் விழும் விரிசலை) அப்படி எளிதாகக் கடந்துவிட முடியாது. வாரக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலியைச் சிறுவர்களிடம் யாரும் அலட்சியம் செய்யக்கூடாது.

'வளரும் பிள்ளைக்கு வலி வரும்' என்ற அந்தப் பயிற்சியாளரின் பேச்சில் பாதி உண்மை. வளர்ச்சி வேகமெடுக்கும் காலத்தில் உடல் எளிதில் நோகும் என்பது மெய். அதனால்தான் அப்போது சுமையைக் குறைக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் சராசரியாக 14 வயதை ஒட்டியும், பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். அந்த ஓராண்டில் ஒரு பையன் 9, 10 சென்டிமீட்டர் வளர்வதுண்டு. எலும்பு நீளும் வேகத்துக்கு அதன் உறுதி ஈடுகொடுப்பதில்லை. தாது படிந்து எலும்பு வலுப்பெறுவது சில மாதங்கள் பின்தங்கியே வருகிறது. நீண்டுவிட்ட கால்களைச் சமாளிக்கத் தெரியாமல், நேற்றுவரை லாவகமாகப் பந்தை நிறுத்தியவன் இன்று தடுமாறுவதையும் பார்க்கிறோம். இது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதுமில்லை. 14 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றை வரிசையாக நிறுத்திப் பாருங்கள், மீசை அரும்பியவனும் குழந்தை முகம் மாறாதவனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். பிறந்த தேதி ஒன்றாக இருந்தாலும் அவர்களின் உடல் வயது வேறு. இருவருக்கும் ஒரே பயிற்சியை ஒரே அளவில் கொடுப்பது ஒருவனுக்குப் போதாமலும் மற்றவனுக்கு மிகையாகவும் போகும். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அகாடமிகள் பிறந்த ஆண்டை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியின்படி சிறுவர்களைக் குழுக்களாக்கி ஆடவைத்துப் பார்த்ததும் இதனால்தான். அவ்வளவு ஏற்பாடு செய்ய முடியாத அணிகள்கூடச் சுவரில் ஒரு அளவுநாடாவை ஒட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பூட்ஸைக் கழற்றச் சொல்லி உயரத்தைக் குறித்துவைக்கலாம். காலையிலேயே அளக்க வேண்டும். மாலைக்குள் எவரும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறுகிவிடுவார்கள். ஒரே காலாண்டில் உயரம் தாவியிருந்தால், அந்தப் பையனுக்கு அடுத்த சில மாதங்களுக்குத் தாவலும் வேக ஓட்டமும் குறைய வேண்டும் என்று பொருள்.

இங்கே ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும், பெற்றோர் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். 'நாங்கள் சிறுவயதில் இருட்டும்வரை தெருவில் பந்து விளையாடினோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?' என்பார்கள். நியாயமான கேள்வி. தெருவில் விளையாடிய பையன் களைத்தபோது கோல் கம்பத்தருகே போய் நின்றுகொண்டான், தாகமெடுத்தபோது வீட்டுக்கு ஓடினான், கால் வலித்தபோது உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். தன் சுமையைத் தானே அளந்துகொண்டான். ஒழுங்குபடுத்தப்பட்ட பயிற்சியில் அந்த உரிமை விசில் வைத்திருப்பவரின் கைக்குப் போய்விட்டது. மேலே சொன்ன அதே 2015 ஆய்வில், ஒழுங்குபடுத்தப்பட்ட விளையாட்டு, தானாக விளையாடும் நேரத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் போனவர்களிடமும் கடுமையான மிகைப்பயன்பாட்டுக் காயங்கள் கூடுதலாக இருந்தன. உரிமையை எடுத்துக்கொண்டவருக்கு அளக்கும் கடமையும் உண்டு.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் அவசியம். கடந்த ஒரு வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிட்டு, அந்த விகிதம் 0.8-க்கும் 1.3-க்கும் இடையில் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லும் முறை, ஆஸ்திரேலிய ஆய்வாளர் டிம் கேபட் 2016-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. அதன் கணித அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கிய ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்களில் இம்பெல்லிசெரியும் ஒருவர். என் அனுபவத்தில், அந்த விகிதத்தைக் காயத்தை முன்கூட்டிச் சொல்லும் சோதிடமாக எடுத்துக்கொள்ளாமல், விடுமுறை முடிந்து திரும்பியவனை முதல் வாரமே முழுவேகத்தில் ஓடவிட்டோமா என்று பார்க்க மட்டும் பயன்படுத்தினால் போதும். பெருக்கல் எண்ணும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 90 நிமிடத்துக்கு 4 என்றாலும் 360, 45 நிமிடத்துக்கு 8 என்றாலும் 360. முழங்காலுக்கு இரண்டும் ஒன்றல்ல. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் என்ன செய்தார்கள் என்பதையும் ஒரு சொல்லில் எழுதுகிறேன்: பாஸ், வேக ஓட்டம், ஷூட்டிங், ஆட்டம்.

எண்ணைக் கேட்கும் விதத்தில்தான் முக்கால்வாசி வெற்றி இருக்கிறது. முதல் ஆண்டு நான் பையன்களை வட்டமாக நிற்கவைத்துக் கேட்டேன். முதலாமவன் பயிற்சியாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு 4 என்றான். அடுத்தடுத்து நின்ற ஒன்பது பேரும் 4 என்றார்கள். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது ஒவ்வொருவனையும் தனியே, பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கேட்கிறேன். விடைகள் 3 முதல் 8 வரை வருகின்றன. பயிற்சியாளர் லேசான நாள் என்று திட்டமிட்டதை இளம் வீரர்கள் கடினமாக உணர்வது ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது, கேட்டால்தானே தெரியும்? இன்னொன்றும் மிக முக்கியம். பெரிய எண் சொன்னவனை அடுத்த ஆட்டத்தில் உட்காரவைத்தால், அதன் பிறகு அந்த அணியில் ஒருவனும் பெரிய எண் சொல்லமாட்டான். 'சோர்வு என்று சொன்னதற்காக இடம் போகாது' என்று பயிற்சியாளர் பிள்ளைகள் முன்னிலையில் வாக்குக் கொடுக்க வேண்டும், அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

எண்ணோடு தூக்கத்தையும் கேளுங்கள். 13 முதல் 18 வயதுவரை இரவுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 8 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய பதின்ம வயது விளையாட்டு வீரர்கள் காயமடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்காக இருந்தது. காயத்தைக் குறைக்க ஃபிஃபாவின் '11+' என்ற 20 நிமிட வார்ம்-அப் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது நல்ல முறை, நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் வீரர்களிடம் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, எங்கள் அணியும் அதைச் செய்கிறது. ஏழு நாளும் ஆடுபவனுக்கு ஓய்வு நாளை அது கொடுத்துவிடாது.

பெரிய வீரர்களின் சுமையை உங்கள் பக்கங்கள் எண்ணத்தான் செய்கின்றன. 2020-21 பருவத்தில் பெட்ரி, 18 வயதில், பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்குமாக 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடினார். ஒரே கோடையில் ஐரோப்பியக் கோப்பையும் டோக்கியோ ஒலிம்பிக்கும். அடுத்த பருவத்தின் தொடக்கத்திலேயே தொடையில் காயம், மாதக்கணக்கில் ஆடவில்லை. கிளப் ஒரு பக்கம், நாட்டு அணி ஒரு பக்கம் என்று அவருக்கும் இரண்டு கணக்குகள்தான் இருந்தன. ஆனாலும் உலகமே கூட்டிப் பார்த்து விவாதித்தது. பெயர் தெரியாத 14 வயதுப் பையனுக்கு அந்தக் கூட்டலைச் செய்ய அவன் வீட்டாரைத் தவிர ஆளில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. குறிப்பேடு அணியின் அலமாரியில் இருக்க வேண்டாம், பையனின் பையில் இருக்கட்டும். அவன் எந்த அணிக்குப் போனாலும் அது கூடவே போகட்டும், ஒவ்வொரு பயிற்சியாளரும் அதைப் புரட்டிப் பார்த்த பிறகே அன்றைய பயிற்சியைத் தொடங்கட்டும். போட்டி நடத்துபவர்கள், ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களை ஒரு சிறுவனுக்கு வைப்பதற்கு முன், அவனுடைய முந்தைய ஏழு நாளைக் கேட்கட்டும். தங்கள் நிருபர்கள் இளம் வீரர்களைப் பேட்டி காணும்போது, எத்தனை கோல் என்று கேட்பதோடு, வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்றும் கேட்டு அதையும் அச்சிட வேண்டும்.

என் குறிப்பேட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். நாள், அணி, நிமிடம், எண், பெருக்கல், தூக்கம், வலி என ஏழு கட்டங்கள். அடியில் மொத்தம் எழுத ஒரு கோடு. இடம் இருந்தால் அதை வெளியிடுங்கள், பெற்றோர்கள் கத்தரித்து எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
இளையோர் கால்பந்து அணி மேலாளர் ஒருவர்